நாலு சுருள் கணக்கு

"திருடுறான், நோரீன்! என் கண்ணு முன்னாடியே திருடுறான்!"

சமையலறை ஜன்னலோரம் நின்று ஃபின்டன் பல்லைக் கடித்தார்.

உருளைக்கிழங்கை வடித்துக்கொண்டிருந்த மனைவி நோரீன் நிமிர்ந்தாள். "யாரு?"

"காண்டிராக்டர்தான். மாலக்கி! இப்பத்தான் வேலையை முடிச்சான். பிரிக்காத பிளாஸ்டிக் சுருள் ஒண்ணை டிராக்டர் சீட்டுக்குப் பின்னாடி வச்சு, மேல கோட்டைப் போட்டு மூடுறான்."

சுருள் ஒன்று தொண்ணூற்றைந்து யூரோ. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அறுத்த புல்லை உருளை உருளையாகக் கட்டி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் சுற்றி வைத்தால்தான் குளிர்காலத்தில் மாட்டுக்கு ஊறுகாய்ப் புல். சிறு ஓட்டை விழுந்தாலும் பூஞ்சைதான். புதன்கிழமை இதே மேஜையில்தான் அதற்குக் கணக்குப் போட்டார்கள்.

வயலை ஒரு நடை நடந்து வந்து மாலக்கி சொன்னார்: "தொண்ணூத்தாறு கட்டு தேறும். ஆறு சுத்து போடுவோம். சுருளுக்குப் பதினாறு கட்டு வரும். ஆறு சுருள் வாங்கிடு."

"நாலு சுத்து போதும். சுருளுக்கு இருபத்துநாலு கட்டு. நாலே சுருள்!" என்றார் ஃபின்டன்.

"உன் வயல்ல கோரை ஜாஸ்திப்பா. காஞ்ச தண்டு ஊசி மாதிரி குத்தும்."

"அஞ்சு வருஷமா நீதானே சுத்துற? நாலு சுத்துதான். ஒரு கட்டு கெட்டிருக்கா? சொல்லு!"

மாலக்கி டீக் கோப்பைக்குள்ளே பார்த்தார். "இல்லை."

"அதுக்கு முந்தின வருஷம் பாதி அழுகிப் போச்சே," என்று நோரீன் குறுக்கிட்டாள். "எட்டு மாட்டை வித்தோமே."

"அது காக்கா கொத்தினது!"

ஊர் முழுக்க அவர் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். காக்கா என்ன, கோர்ட்டுக்கா போகப்போகிறது?

"மாடு உன்னுது. நாலுன்னா நாலு" என்று மாலக்கி எழுந்து போய்விட்டார்.

இப்போது மிச்சம் இருப்பது பன்னிரண்டு மாடு. நாலு சுருளில் ஒன்றை அமுக்கிவிட்டால் கட்டுக்கு மூன்றே சுற்று. இன்னொரு தடவை புல் அழுகினால் தொழுவத்தைப் பூட்டிவிட்டு டப்ளினில் போய் வேலை தேட வேண்டியதுதான்.

"இப்பத்தான் புரியுது நோரீன். சுத்துற நேரம் வந்தா என்னை எங்கேயாவது அனுப்பிடுவான். வேலியைப் பாரு, மாட்டைப் பாருன்னு. காலி அட்டைக் குழலைக்கூட ஒண்ணு விடாம மூட்டை கட்டி எடுத்துட்டுப் போவான். நான்கூட சுத்தக்காரன்னு நினைச்சேன்!"

"கத்தாதீங்க. நான் சாப்பிடக் கூப்பிடறேன். நீங்க போய் எண்ணிப் பாருங்க. கையும் களவுமா பிடிச்சுட்டு அப்புறம் பேசுங்க."

மாலக்கி கை கழுவிவிட்டு பன்றிக்கறிக்கும் முட்டைக்கோஸுக்கும் முன்னால் உட்கார்ந்தார். ஃபின்டன் பின்கதவு வழியே நழுவினார்.

டிராக்டர் ஏணியில் ஒரு பழைய உரச் சாக்கு தொங்கியது. அதை முற்றத்தில் கவிழ்த்தார். ஒரு சுருள் தீர்ந்தால் ஒரு குழல். வாங்கியது நாலு, திருடியது ஒன்று. மூன்று குழல்தான் இருக்கும்.

எண்ணினார். மறுபடி எண்ணினார். மூன்றாம் தரம் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"எத்தனை குறையுது?" நோரீன் வாசலிலிருந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"குறையல." கடைசிக் குழலையும் தொட்டுப் பார்த்தார். "ரெண்டு கூடுது."

நாலு சுருள் வாங்கிக் கொடுத்தவரின் முற்றத்தில் ஆறு குழல் கிடந்தது. சீட்டுக்குப் பின்னால் இருப்பது மாலக்கி தன் செலவில் கொண்டுவந்ததில் மிஞ்சியது.

"அஞ்சு வருஷம் நோரீன்... வருஷத்துக்கு ரெண்டுன்னா..."

அதற்கு மேல் கணக்கு ஓடவில்லை. வயலைத் திரும்பிப் பார்த்தார். தொண்ணூற்றாறு கறுப்பு உருளைகளும் சாயங்கால வெயிலில் மின்னின. ஒவ்வொன்றின் மேலும் யாரும் கேட்காத இரண்டு சுற்று. சர்ச் பூசையில்கூட அவருக்கு இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

மாலக்கி வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். குழல்களைப் பார்த்ததும், திருடி மாட்டிக்கொண்டவர்போல முகம் சிவந்துபோனது.

"அதுல ரெண்டு... பக்கத்து வயல் யூஜினுக்குச் சுத்தினது. சாக்குல கலந்துடுச்சு."

"அப்படியா?"

"அப்படித்தான்ப்பா. மழை வருது, நான் கிளம்பறேன்."

லீட்ரிம் மாவட்டத்து வானத்தில் அன்று பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. ஃபின்டன் குனிந்தார். குழல்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டு, அவரே ஏணியில் கட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் வாசலில் யூஜின் வழக்கம்போல வம்புக்கு இழுத்தார்.

"என்னய்யா, இந்த வருஷமும் நாலு சுத்துதானா? நாங்க ஆறு போட்டு அழறோம். உனக்கு மட்டும் எப்படிய்யா அழுகவே மாட்டேங்குது?"

நாலு பேர் சிரித்துக்கொண்டே நெருங்கி நின்றார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே ஐந்து வருஷமாகப் பூசைக்கு வந்தவர் ஃபின்டன். கூட்டத்தின் பின்னால் மாலக்கி மெல்ல நழுவிக்கொண்டிருந்தார்.

ஃபின்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்த வருஷம் காக்கா ஒண்ணும் கொத்தல யூஜின். நாலு சுத்து என்னோட கணக்கு. அதுக்கு மேல ரெண்டு சுத்து, அஞ்சு வருஷமா, மாலக்கியோடது."