நாலாவது கதவு

காயம் கட்டும் அறையில் மதிய வெயில் மங்கிக் கிடக்கிறது. கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன் வலது கையை நீட்டியிருக்கிறான். ஆள்காட்டி விரல் பாதியோடு நிற்கிறது. பிரஸ் இறங்க இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை அழுத்த வேண்டும். வேகத்துக்காக ஒன்றைக் காலையிலேயே டேப் ஒட்டி அமுக்கி வைத்திருந்தான். அங்கே எல்லோரும் அப்படித்தான். மெஷினில் அடிபட்டது என்று வெளியே சொன்னால் வேலை போய்விடும். சூப்பர்வைசர் பின்னால் நின்று செருமுகிறார்.

“எப்படி ஆச்சு?” என்கிறாள் நர்ஸ்.

“கதவுல நசுங்கிருச்சுக்கா.”

“இந்த வாரம் நீ நாலாவது ஆளு. உங்க கம்பெனியில மொத்தம் எத்தனை கதவுப்பா?”

அவன் சிரிக்கப் பார்க்கிறான். அவள் ‘கதவு’ என்றே எழுதுகிறாள். பிறகு, அவன் இடது கட்டைவிரலில் அப்பியிருக்கும் டேப் பசையை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கிறாள். அது போக மாட்டேன் என்கிறது.