கருவேலங்காய்ச் சாயம்

"அதக் கழட்டுக்கா" என்றாள் அஷ்தா.

கல்தூமா தன் காதையே நம்பவில்லை. விமானம் போட்ட குண்டில் போன புருஷன் அப்கரை மண்ணில் வைத்து மூன்று நாள்தான் ஆகிறது. துக்கம் கேட்க ஓர் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் வந்தவள் சக்களத்தி.

வந்தவள் கையில் ஒரு கிண்ணம் களி இல்லை, ஒரு பிடி சர்க்கரை இல்லை. ஆவி பறக்க ஒரு பானைச் சாயத்தைச் சுமந்து வந்திருந்தாள். கருவேலங்காய் வெந்த நாற்றம் முற்றம் முழுக்கப் பரவியது.

முற்றத்தில் விரித்த பாய்கள் எல்லாம் காலியாகக் கிடந்தன.

அப்கர் எந்த இழவு வீட்டுக்கும் முதல் ஆளாகப் போய் கடைசி ஆளாக எழுந்து வருகிறவன். விதைப்பு நாளில்கூட மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவான். அவனுக்காக வந்து உட்கார இந்த ஊரில் ஆள் இல்லை. அன்றைக்குப் பல வீடுகளில் சாவு விழுந்தது உண்மைதான். மிச்சம் இருப்பவர்களுக்குக் கால் இல்லையா? மூன்று நாளாக அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது இவள் வந்து, புருஷனுக்காகச் சேலை போலச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் தோப்பைக் கழற்றச் சொல்கிறாள். நாலு மாசம் பத்து நாள் துக்கம், இத்தா, முடியும்வரை உடம்பை விட்டு இறங்கக்கூடாத துணி அது.

கல்தூமா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அஷ்தா பழுப்பு நிறத்தில் தோப் சுற்றியிருந்தாள்.

"மூணே நாள்ல உனக்குக் கலர் கேக்குதா? இருக்கட்டும்டி. நீ வயசுக்காரி. நாளைக்கே எவனாவது பரிசத்துக்கு மாடு ஓட்டிட்டு வந்து உன்னக் கேப்பான். என்ன ஏன் கழட்டச் சொல்ற?"

அஷ்தா பானையை இறக்கி வைத்தாள். மற்ற நாளாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். இரண்டு அடுப்புக்கும் நடுவே பதினோரு வருஷமாக நடந்த சண்டை ஊருக்கே தெரியும்.

"விமானம் திரும்ப வருதாம்க்கா. நேத்து பக்கத்து ஊர்ல சுத்திட்டுப் போயிருக்கான். வெள்ளை மேலருந்து பளிச்சுன்னு தெரியும்."

"தெரியட்டுமே! ஓட்டுறவன் என்ன வெளிநாட்டுக்காரனா? சூடான்காரன்தானே? வெள்ளைன்னா புருஷனப் பறிகொடுத்த வீடுன்னு அவனுக்குத் தெரியாதா? இழவு வீட்டு மேல எவன்டி குண்டு போடுவான்?"

இதைத்தான் கல்தூமா மூன்று நாளாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளை வெளியே விடாமல் தன் பக்கத்திலேயே உட்காரவைத்திருந்தாள். வெள்ளை இருக்கும் இடத்தில் ஆபத்து வராது என்று நம்பினாள்.

"அக்கா, அவரு அன்னைக்கு எங்க உக்காந்திருந்தாரு?"

கல்தூமா காலிப் பாயின் ஓரத்தை நீவிவிட்டாள். அஷ்தாவே சொன்னாள்.

"கெழவர் இத்ரீஸ் வீட்டுத் துக்கத்துல. கெழவரு பொஞ்சாதி வெள்ளையக் கட்டிக்கிட்டு முத்தத்து நடுவுல உக்காந்திருந்தா. சுத்தி ஊரே உக்காந்திருந்துச்சு."

"சந்தைக்குப் போட்டது தவறி விழுந்துருச்சுடி."

"சந்தை ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கு. நான் வாசல்ல நின்னு பாத்தேன்க்கா. ரெண்டு தடவ தாழப் பறந்து சுத்திப் பாத்தான். அப்புறந்தான் போட்டான். வெள்ளைன்னா என்னன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். ஒருத்தி வெள்ளையில உக்காந்தா சுத்தி நூறு பேரு உக்காருவாங்கன்னு தெரியும். அதத் தேடித்தான் வர்றான்."

பிள்ளைகள் இரண்டும் அம்மாவின் முந்தானைக்குள் இன்னும் ஒட்டிக்கொண்டன.

கிழவர் இத்ரீஸ் எண்பது வயதில், காய்ச்சலில், தன் கட்டிலில் படுத்துச் செத்தவர். இந்த ஊரில் கடைசியாக ஒழுங்காகச் செத்த மனிதர் அவர்தான். அவருக்காக நாலு வார்த்தை ஓதப் போனவர்களை ஒரே குழியில் போட வேண்டியதாயிற்று. போட்டவன் அந்நியனாக இருந்தால்கூட மனம் ஆறும். இவன் இழவுப் பாயில் உட்கார்ந்து களி தின்று வளர்ந்தவன். அந்தப் பழக்கத்தை வைத்தே குறி பார்த்திருக்கிறான். பாவி!

அஷ்தா குனிந்து பிள்ளைகளை மெல்ல விலக்கினாள். அப்போதுதான் கல்தூமா அவள் கைகளைக் கவனித்தாள். முழங்கைவரை சாயம் ஏறியிருந்தது. பழுப்புத் தோப்பின் மடிப்புகளில் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. அங்கங்கே வெள்ளை திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

அவளும் வெள்ளைதான் கட்டியிருந்தாள்.

கல்தூமா குடிசைக்குள் போனாள். பழைய துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு, வெள்ளைத் தோப்பைக் கையில் சுருட்டி எடுத்து வந்தாள். சக்களத்தி கையில் கொடுக்கவில்லை. தானே பானைக்குள் போட்டாள். துணி காற்றை அடைத்துக்கொண்டு மேலே மேலே வந்தது. சூட்டையும் பார்க்காமல் இரண்டு கையாலும் அமுக்கினாள். அஷ்தாவும் கையை விட்டு அமுக்கினாள்.

வெள்ளை போய்விட்டது. அப்கருக்காக அவளால் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுதான். அதையும் அந்த விமானக்காரன் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

"அஷ்தா."

"சொல்லுக்கா."

"இவன் செத்தா, இவனப் பெத்தவ எந்தக் கலர்ல உக்காருவா?"

அஷ்தா துணியைப் புரட்டிப் போட்டாள்.

"வெள்ளையிலதான்க்கா. அவ வீட்டு மேல எவன் பறக்கப் போறான்?"