மூடி வைத்த தட்டு

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவள் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

ஊசிக்கு வந்திருந்த மற்ற எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கணவரும்.

ஊசி போட்டாகிவிட்டது. கை கொஞ்சம் கனத்தது. அவ்வளவுதான்.

புதுத் தடுப்பூசி. விலங்குகளுக்குப் போட்டுப் பார்த்தாயிற்று. மனிதர்களில் இவள்தான் முதல். முதலில் ஒருவருக்கு மட்டும் போடுவார்கள். ஒரு நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்து கவனிப்பார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் மற்றவர்களுக்கு. அந்த ஒருவராகக் கம்ப்யூட்டர் இவளைப் பொறுக்கி எடுத்திருந்தது.

உள்ளே வரும்போது சென்னியப்பன் சொன்னது காதில் விழுந்தது. ஆட்டோ ஓட்டுகிறவன். அவனும் ஊசிக்குத்தான் வந்திருக்கிறான்.

"இந்தக்கா ஒரு தும்மு தும்முனாப் போச்சு, நாமெல்லாம் மூட்டையக் கட்ட வேண்டீதுதான்."

சிரித்தார்கள். அவள் கணவர் சிரிக்கவில்லை.

அவளுக்குத் தும்மல் வரவில்லை. வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

போன மழைக்காலத்தில் தம்பியின் கைக்குழந்தைக்குச் சளி பிடித்தது. வெறும் சளிதானே என்று இருந்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன மூக்கில் குழாய் வைத்தார்கள். இந்தக் கிருமிக்கு முன்னாடியே போடுகிற ஊசி ஏதும் இல்லையா என்று கேட்டாள். எங்களிடம் இல்லையம்மா என்றார்கள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. இப்போது வீடெல்லாம் தவழ்கிறது.

அந்தக் கிருமிக்கான இந்த ஊசியை நல்ல ஆரோக்கியமுள்ள பெரியவர்களுக்குப் போட்டுப் பார்த்து, அப்புறம் மெல்ல மெல்லத்தான் குழந்தைகளுக்கு என்று டாக்டர் விளக்கியபோது அவளுக்கு உடனே பிடிபட்டது.

பாட்டில் பாலைப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதில்லையா. அதுதான்.

மதியம் தட்டு வந்தது. சோறு, பருப்பு, பீர்க்கங்காய்ப் பொரியல், கிண்ணத்தில் ரசம். மூடியைத் திறந்தாள். நல்ல வாசனை.

கண்ணாடி வழியே பார்த்தாள். வெளியே ஒவ்வொருவரிடமாகப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்த பிறகுதான் அவர்களுக்குச் சாப்பாடு. கணவர் வரிசையின் கடைசியில் இருந்தார்.

தட்டை மூடி வைத்தாள்.

நர்ஸ் ரெஜினா வந்தாள். தட்டைப் பார்த்துவிட்டுப் போனாள். மறுபடி வந்து பார்த்தாள். காய்ச்சல் பார்த்தாள், பிரஷர் பார்த்தாள். ரசம் ஆறிப் போயிருந்தது.

ரெஜினா போனை எடுத்தாள்.

டாக்டர் மீனலோசனி வேகமாக வந்தார். குமட்டுகிறதா, வயிற்றைப் பிடிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். ஊசிக்குப் பிறகு பசி போவதும் ஒரு அறிகுறிதான், நாளைக்கு மற்றவர்களுக்குப் போடுவதைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் ரெஜினாவிடம் தணிந்த குரலில் சொன்னார்.

அவளுக்குக் கேட்டுவிட்டது.

குழாய் வைத்த அந்த மூக்கு கண்முன் வந்தது.

"நல்லாப் பசிக்குதுங்க டாக்டர்," என்றாள். அதற்கு மேல் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னாள். "அவரு இன்னும் சாப்புடலீங்க."

டாக்டர் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். எழுந்து வெளியே போய் வரிசையின் கடைசியில் நின்றவரிடம் ஏதோ சொன்னார்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் அவள் தட்டு எடுப்பாள். இப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. அப்படியே பழகிவிட்டது. நீ சாப்பிட்டாயா என்று அவரும் கேட்டதில்லை.

அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு வெறும் விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனார்.

சாப்பிடு.

அவருக்குப் பின்னாலிருந்து சென்னியப்பனும் விரல்களைக் குவித்தான். அப்புறம் வரிசை முழுக்க.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் ரசம் கிடைக்குமா என்று கேட்டாள்.

மறுநாள் காலைவரை அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மற்றவர்களுக்கு ஊசி போட்டார்கள். இப்போது அவர்கள் உள்ளே. அவள் வெளியே, ஜன்னலோர நாற்காலியில்.

மதியம் அவளுக்குத் தட்டு வந்தது. உள்ளேயும் வந்திருக்கும். அவள் பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். முருங்கைக்காய்ச் சாம்பார். பாதித் தட்டு காலியான பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

உள்ளே சென்னியப்பன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் கணவரின் தட்டு மட்டும் மூடியே இருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, கண்ணாடி வழியே வெளியே யாரையோ தேடிக்கொண்டிருந்தார்.

ரெஜினா அந்தத் தட்டைப் பார்த்தாள். போனை எடுத்தாள்.

அவள் எச்சில் கையோடு, தட்டோடு எழுந்தாள். கண்ணாடிக்கு நேரே போய் நின்றாள். ஒரு கவளத்தை உருட்டி, அவர் பார்க்கும்படி, நிதானமாக வாயில் போட்டுக்கொண்டாள்.