பேத்தை மீன் சிரித்த பக்கம்

பாதி இறக்கிவிட்ட ஷட்டருக்கு அடியில் மதிய வெயில் ஒரு முழ நீளத்துக்கு மளிகைக்கடைக்குள் வந்து கிடக்கிறது. துறைமுகத்துக்கு லாரி போகும்போதெல்லாம் தராசுத் தட்டு மெல்ல ஆடுகிறது. அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு முருகேஸ்வரி மகள் பானுவுக்குப் படப்புத்தகம் வாசிக்கிறாள். நெத்திலி மாதிரி ஒல்லியாகத் தெரிய வேண்டுமென்று ஒரு பேத்தை மீன் வயிற்றை ரிப்பனால் இறுக்கிக் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நெத்திலிகளோடு போட்டோவுக்கு நிற்கிறது. இறால் ஒன்று மீசையால் கிச்சுகிச்சு மூட்ட, பேத்தை சிரித்துப் பலூனாக உப்பிவிடுகிறது. நெத்திலிகள் நாலாபக்கமும் தெறிக்கின்றன. முருகேஸ்வரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. கூடவே முந்தானையும் வாய்க்குப் போகிறது. பெண் பார்க்க வந்தவர்களில் யாரோ எத்துப்பல் என்று சொன்ன நாளிலிருந்து அந்தக் கைக்கு அதுதான் பழக்கம். "கைய எடும்மா," என்கிறாள் பானு. "எதுக்குளா?" "நீ சிரிக்கத நான் பாக்கணும்." முன்பல் இரண்டும் விழுந்த தன் வாயை அவளே முதலில் திறந்து காட்டுகிறாள். ஷட்டருக்கு வெளியே யாரோ குனிந்து, "அண்ணாச்சி இல்லையா? கால் கிலோ சீனி வேணும்," என்கிறார்கள். முந்தானை மறுபடி எழும்புகிறது. பாதியிலேயே பானு அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். "அவுக சாப்பிடப் போயிருக்காக," என்கிறாள் முருகேஸ்வரி, பல்லெல்லாம் தெரிய.