எதிரொலிக்கு அளவெடுத்தவர்

“என்ன டைலரே, மெத்தை சுவத்துல சாஞ்சு நிக்குது, தலையணையெல்லாம் ஜன்னல்ல தொங்குது! வீட்டுக்காரம்மா ஊருக்குப் போனதும் வீட்டையே கவுத்துட்டீங்களா?”

மாடி வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டார். ஓய்வு பெற்ற அதிகாரி. ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், அலமாரி கொள்ளாத இசைத்தட்டுகள் வைத்திருப்பவர். தன் காதுக்குத் தானே ‘தங்கக்காது’ என்று பட்டம் சூட்டி, தெருவே அப்படிக் கூப்பிடும்வரை ஓயாதவர்.

“ஹால்ல எதிரொலி சார்! அதை ஒழிச்சுக்கிட்டிருக்கேன்!” ஸ்டூல் மேலிருந்து டைலர் முழங்கினார்.

“மெதுவாப் பேசுங்க. என் காது சாதாரணக் காது இல்ல.”

“பழகிப்போச்சு சார்,” என்று டைலர் குரலைப் பாதியாக்கினார். அந்தப் பாதியே தெருமுனை வரை போகும்.

தங்கக்காது அழைக்காமலே உள்ளே வந்தார். ஹாலின் நடுவில் நின்று, ஒரே ஒரு முறை கை தட்டினார். நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரித் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார்.

“வலது மூலை. அங்கதான் சத்தம் தேங்குது. இதுக்கெல்லாம் வெளிநாட்டுலேருந்து சத்தத்தை உறிஞ்சுற தனிப் பலகை வரவழைக்கணும். என் ரூமுக்கு நான் ஏழு மாசம் காத்திருந்தேன்.”

“எனக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் சார் டயம்.”

டைலர் கழுத்திலிருந்த டேப்பை இழுத்து மூலையை அளந்தார். உட்கார்ந்து, ஜாக்கெட் வெட்டிய துண்டுத் துணிகளை ஒரு பழைய தலையணை உறைக்குள் திணித்தார். உறையின் வாயைத் தைத்து, மறுபடி ஸ்டூலில் ஏறி, மூலையில் ஆணியடித்து மாட்டிவிட்டுக் கை தட்டினார். பொத்தென்று விழுந்தது சத்தம். திரும்பி எழவே இல்லை.

தங்கக்காதும் தட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை தட்டினார். ஏழு மாதம் காத்திருந்த முகம் கொஞ்சம் சுருங்கியது.

“ம்... சுமார். அது சரி, ஜன்னல்ல மடிச்சுத் தொங்கவிட்டிருக்கிறது பட்டுப்புடவை மாதிரி இருக்கே. வீட்டம்மாவுக்குத் தெரியுமா? போன்ல சொல்லிட்டீங்களா?”

“போன்ல பேச மாட்டா சார். மெசேஜ்தான்.”

“ஓஹோ! சண்டையா?”

டைலர் சிரித்துக்கொண்டே ஆணியைத் தேடினார்.

தங்கக்காதுக்கு ஆவல் தாங்கவில்லை. அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதற்கு எதிரே, நாலடி தள்ளி, தரையில் துணிக்கு மார்க் பண்ணும் சாக்கால் ஒரு கோடு. வேறு ஒன்றும் இல்லை.

“சிஸ்டம் எங்க?”

“ஞாயித்துக்கிழமை அவளே கொண்டு வர்றா.”

“ஸ்பீக்கர் எவ்வளவு பெருசு?”

டைலர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, நடுவில் ஒரு பட்டாணிக்கு இடம் விட்டுக் காட்டினார்.

“அதுல என்னய்யா சங்கீதம் கேக்க முடியும்?”

“சங்கீதம் வேண்டாம் சார். பேச்சு தெளிவாக் கேட்டாப் போதும்.”

“பேச்சா! நியூஸ் கேக்கவா இந்தப் பாடு?”

டைலர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். முதல் முறையாக அவர் குரல் தானாகவே தணிந்தது.

“போன தடவை ஒண்ணு வாங்கினோம் சார். இந்த ஹால்ல ஒரு வார்த்தை சொன்னா நாலா திரும்பி வரும். ‘ஒரே இரைச்சல், வேண்டவே வேண்டாம்’னு மூணாம் நாளே அதை அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டா. இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா அவ்வளவுதான். ஜென்மத்துக்கும் அதைக் கையால தொடமாட்டா.”

“கவலைப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை நானே வந்து கேட்டு, சரியா தப்பான்னு தீர்ப்பு சொல்றேன்,” என்று தங்கக்காது வரம் கொடுத்தார். யாரும் கேட்காத வரம்தான்.

சொன்னபடியே ஞாயிறு காலை வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் தனக்குப் பிடித்த இசைத்தட்டு. வந்ததும் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எழுந்திருங்க சார், அது அவளுக்கு.”

தங்கக்காது எழுந்து மெத்தை ஓரமாக ஒதுங்கினார். ஆட்டோவில் வந்து இறங்கிய டைலரின் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, தன் வீட்டையே ஏதோ குகையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஜன்னல் புடவையில் அவள் பார்வை ஒரு கணம் நின்றது. டைலர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தாள். அவர் தன் கண்ணைத் தொட்டு, மூடிக்கொள்ளும்படி சைகை செய்தார். மூடிக்கொண்டாள்.

“பேஷ்! ரசிகை!” தங்கக்காது தலையாட்டினார். “கண்ணை மூடினாத்தான் காது திறக்கும். சரி, போடுங்க. எங்க அந்தப் பட்டாணி ஸ்பீக்கர்?”

டைலர் உதட்டில் விரல் வைத்து அவரை அடக்கினார். தெருக் கதவைச் சாத்தினார். பிறகு சாக் கோட்டின் மேல் தானே போய் நின்றுகொண்டார். தொண்டையைக் கனைத்தார், உள்ளங்கை வியர்வையை வேட்டியில் துடைத்தார். தெருமுனை வரை போகும் அந்தக் குரலை மடித்து, சுருட்டி, சின்னதாக்கி, மெல்லக் கேட்டார்:

“சாப்பிட்டியா?”

அவள் காதோர முடியை ஒதுக்கினாள். காதுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு கருவி ஒட்டிக்கொண்டிருந்தது. பதினோரு வருடங்களாக அவர் உதட்டைப் பார்த்துப் பார்த்தே பதில் சொல்லி வந்தவள், கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“சாப்பிட்டேன்... என் கல்யாணப் புடவையில எத்தனை ஆணி அடிச்சிருக்கீங்க?”