விளக்குக் கம்பத்து ஏணி

"இந்தத் தேர்தல் அட்டையில கல்யாணம்னா ஆணும் பெண்ணும்தான்னு அச்சடிச்சிருக்கு. அதை நம்ம ஜன்னலுக்கு எதிர்லயே தொங்கவிடுவியாடி?" என்று எல்கே கேட்டு முடிக்கும் முன்பே, "நம்ம தெருவுக்கு நான்தானே கட்டணும்? முப்பது வருஷமா என் கட்சிடி," என்று ஹெட்விக் குறுக்கே பாய்கிறாள். "இருபது வருஷமா உன்கூட வாழ்ற நான் யாரு, குடித்தனக்காரியா?" ஹெட்விக் அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போகிறாள். ஜெர்மனியின் பவேரியத் தூறலில் விளக்குக் கம்பம் மின்னுகிறது. தேர்தலுக்குத் தேர்தல் எல்கே பிடித்துக்கொள்ளும் ஏணியில் இன்று ஹெட்விக் தனியாக ஏறுகிறாள். வேட்பாளரின் சிரித்த முகம் அச்சிட்ட அட்டை காற்றில் படபடக்கிறது. அறுபத்தெட்டு வயதில் ஒரு கையால் கம்பத்தை அணைத்துக்கொண்டு நிற்கிறாள். சமையலறை ஜன்னலுக்குள் எல்கே முதுகைக் காட்டி நின்று, துடைத்த கோப்பையையே மறுபடி துடைக்கிறாள். "எல்கே, ஏணி ஆடுதுடி. வந்து பிடிச்சுக்கோயேன்."