அடுத்த ஆள் வரும்வரை

"ஆண்டவரே, இந்த ஊர்ல ஒரு பெரிய எழுப்புதலைத் தாரும். அப்படியே எனக்கு அடுத்த ஆளையும் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பும். மணி அஞ்சைத் தாண்டிடுச்சு, ஸ்தோத்திரம்!"

தையல்காரி ஒரு கண்ணை மட்டும் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

ஊர் கெட்டுக் கிடந்தது. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பாதி வீடுகளில் சம்பளம் இல்லை, தெருவில் தொட்டதற்கெல்லாம் சண்டை, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாதி பெஞ்சு காலி. ஊர் மனந்திரும்பிப் புத்துயிர் பெறும் அந்த எழுப்புதல் வரும்வரை விடுவதில்லை என்று போதகர் சனிக்கிழமைதோறும் சங்கிலி ஜெபம் வைத்தார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை, ஆலயத்தின் பின்னறையில் ஆளுக்கு ஒரு மணி நேரம் முழங்கால் போட வேண்டும். அடுத்த ஆள் வந்து தோளைத் தொட்டால்தான் எழுந்திருக்கலாம். அதற்கு முன் எழுந்தால் சங்கிலி அறுந்துவிடும்.

தையல்காரிக்கு அடுத்த முறை நர்ஸுடையது. நர்ஸ் வேறு யாருமில்லை, அவளுடைய ஓரகத்திதான், கொழுந்தனின் மனைவி. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்துக் குடியிருந்தார்கள். இரண்டு சமையலறைகளுக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவுக்குக் குறுக்கே தையல்காரி தன் இரும்பு பீரோவைத் தள்ளி வைத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சே கிடையாது. தோளில் கை பட்டதும் தையல்காரி திரும்பிப் பார்க்காமல் எழுந்து போய்விடுவாள். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம் ஆதலால் பேசாதவர்களுக்கும் தோதாக இருந்தது.

ஒரே தொல்லை, நர்ஸ் ஒரு வாரமாவது நேரத்துக்கு வந்ததில்லை.

தையல்காரியிடம் ஒரு மணி நேரத்துக்குத்தான் ஜெபம் இருந்தது. அதிகாரிகள், வேலை போனவர்கள், வியாதியஸ்தர்கள், ஆமென் என்று துணி வெட்டுவதுபோல அளவாக வெட்டி வைத்திருந்தாள். ஐந்து நிமிஷம் கூடினாலும் துணி பற்றாது. கையில் கிடைத்ததை வைத்து ஒட்டுப் போட வேண்டியதுதான். முதல் வாரம், பெயர்கூடத் தெரியாத தேசத்து ராஜாக்களுக்கெல்லாம் ஜெபித்து ஒப்பேற்றினாள். போன வாரம் எதிர் வீட்டு நாயின் சொறிக்கு ஜெபித்தாள். முணுமுணுத்து ஜெபிக்கவும் அவளுக்கு வராது. தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது.

"அந்த நாய்க்கும் சொகமாயிடுச்சு, ஸ்தோத்திரம். இனி யாருக்கு ஜெபிக்கிறது ஆண்டவரே? நீரே சொல்லும்."

ஆண்டவர் சொன்னாரோ, முழங்கால் வலி சொன்னதோ, வாய் தானாக நர்ஸிடம் போயிற்று.

"அவளை என்னன்னு கேளும் ஆண்டவரே! டியூட்டி முடிஞ்சா நேரா வர வேண்டியதுதானே? நோயாளிக்கு ஊசி போட மட்டும் நிமிஷம் தவற மாட்டா. நான் காத்துக் கிடந்தா அவளுக்கு இளக்காரம். அந்தத் திமிரை உடைச்சுப் போடும்!"

கொட்டித் தீர்த்ததும் மூச்சு வாங்கியது. கோபத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை. பீரோ மட்டும் மனசுக்குள் அப்படியே நின்றது.

"சரி, உமக்குத் தெரியாததா?" குரல் இறங்கியது. "அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வேலை போச்சு. என்கிட்ட துணி தைக்கவும் ஆள் வரல. அவ சம்பளத்துல அவ வீட்டு அடுப்பு எரிஞ்சுது. எங்க அடுப்பு அணைஞ்சு கெடந்துது. அவ ஒரு பாத்திரத்துல சூப்பு கொண்டு வந்தா. நான்தான் 'பிச்சை போட வந்தியா'ன்னு கேட்டு மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினேன். அவமேல ஒரு தப்பும் இல்ல. ஊரையே மாத்தும்னு உம்மைக் கேக்கிறேன், ஒரு பீரோவை நகர்த்த எனக்கு மனசு வரலையே!"

அழுகை வந்துவிட்டது. மெதுவாக அழவும் அவளுக்கு வராது.

"அவ நல்லவ ஆண்டவரே. அவளை எனக்குத் திருப்பிக் குடும். பீரோவை நான் நகர்த்திடறேன்."

தோளில் ஒரு கை விழுந்தது.

இந்த முறை தையல்காரி திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் ஆஸ்பத்திரி உடுப்போடு நின்றாள். வெளியே மழை சாத்து சாத்தென்று சாத்துகிறது, அவள் கையிலிருந்த குடையிலோ ஒரு சொட்டு ஈரமில்லை. செருப்பும் காய்ந்திருந்தது.

"குடையும் நனையல, காலும் நனையல. இந்த மழையில எப்படிடி வந்தே?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர்களுக்குள் வந்த முதல் பேச்சு அதுதான்.

"மழைக்கு முன்னாடியே வந்துட்டேன் அக்கா. ஒரு வாரம்கூட நான் லேட்டா வந்ததில்ல, இந்த அறைக் கதவுக்கு வெளியில உட்கார்ந்து, எனக்காக ஒரு வார்த்தை ஜெபிக்க மாட்டீங்களான்னு காதைத் தீட்டிக்கிட்டு இருப்பேன்." நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "முதல் வாரம் ஊர் பேர் தெரியாத ராஜா வீட்டுக்குப் போனீங்க, போன வாரம் எதிர் வீட்டு நாய் வரைக்கும் வந்தீங்க, நம்ம வீட்டுக்கு வந்து சேர இன்னிக்குத்தானே உங்களுக்கு வழி தெரிஞ்சுது!"